எழுபது டிகிரி

காலை பதினொன்று நாற்பதுக்குக் கொத்தனார் கடைசிச் செங்கல்லை வைத்தார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் காற்றாடி நின்றது.

இரண்டையும் கவனித்தவர் அவர் ஒருவர்தான். கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்கு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் தேய்ந்து, முனகலாகி, இல்லாமல் போயிற்று. கதவருகே நின்ற காவலாளியைப் பார்த்தார்.

"சத்தம் நின்னுபோச்சே?"

"அப்பாடா" என்றான் காவலாளி. "இப்பத்தாண்ணே நீங்க பேசறதே கேக்குது."

சூரியக் கோபுர மின்நிலையம் என்று முகப்பில் எழுதியிருந்தது. வட்டமான கண்ணாடிக் கூரை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இருநூற்று நாற்பது மீட்டர். நடுவில் கோபுரம், நூற்றெண்பது மீட்டர். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்றை வெயில் சுடவைக்கும். சூடான காற்று கோபுரத்துக்குள் ஏறி உச்சி வழியாக வெளியே போகும். அது போகப் போக, கூரையின் விளிம்பைச் சுற்றிப் புதுக் காற்று உள்ளே ஓடிவரும். அந்த ஓட்டத்தில் கோபுரத்தின் அடியிலுள்ள காற்றாடி சுழலும். மின்சாரம் வரும். இதைக் கொத்தனாருக்கு அவர் மச்சினன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் புரியவைத்திருந்தான். நிறுவனத்தின் கையேடு இதையே தொண்ணூறு பக்கத்தில் சொன்னது. யாருக்கும் புரியவில்லை.

சுவர் வந்தது ஒரே ஒரு வரியால். தணிக்கைக்கு வந்தவர் எழுதினார்: "நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. எவரும் குனியாமலேயே உள்ளே நுழையலாம்." பாதுகாப்பு அதிகாரி அந்த வரியைச் சட்டம்போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார். கூரைக்கு வெளியே இருந்த நிலம் வேறு துறைக்குச் சொந்தம். ஆகவே கண்ணாடியின் விளிம்பை ஒட்டியே சுவர் எழும்பியது. தரையிலிருந்து கண்ணாடிவரை, வட்டம் முழுவதும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தது. அதையும் ரப்பர் பட்டை வைத்து அடைத்தார்கள். ஆள் போய்வர ஓர் இரும்புக் கதவு.

செங்கல் வண்டிக்காக எட்டடி வழியைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார்கள். அந்த எட்டடியில் காற்று பாய்ந்த பாய்ச்சலைக் கொத்தனார் மறக்கவில்லை. தலைத்துண்டை இரண்டு முறை பிடுங்கிக்கொண்டு போனது. காலி சிமெண்ட் சாக்கு ஒன்று அவர் கண்ணெதிரே உள்ளே பறந்துபோனது. யாரோ உள்ளே உட்கார்ந்து உறிஞ்சுவது போல இருந்தது. அந்த வழியைத்தான் இன்று அடைத்தார். அடைக்கச் சொன்னார்கள். அடைத்தார்.

மறுவாரம் இயக்குநர் சுவரைத் திறந்துவைத்தார். சுவரை எப்படித் திறப்பது என்று ஒருநாள் முழுக்க யோசித்தார்கள். பிறகு ரிப்பனைச் சுவரில் ஒட்டி அதை வெட்டினார்கள்.

மச்சினனின் வேலை, கூரைக்கு அடியில் வெப்பம் பார்ப்பது. கதவிலிருந்து எதிர்ச் சுவர்வரை பத்து மீட்டருக்கு ஒன்றாக இருபத்துநான்கு வெப்பமானிகள். ஒரு நாளைக்கு மூன்று முறை உள்ளே போய் இருபத்துநான்கையும் படித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். தானாகவே படிக்கும் கருவிகளும் இருந்தன. அவை ஐம்பது டிகிரிக்கு மேல் வேலை செய்யாது. சுவர் முடிந்த மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. மச்சினன் அணையவில்லை. ஆகவே அவனை நம்பினார்கள்.

அவன் தற்காலிகப் பணியாளன். இருநூற்று நாற்பது நாள் ஒரு வாசிப்பும் விடாமல் எழுதினால் வேலை நிரந்தரம். ஒன்று விட்டாலும் மறுபடி முதல் நாள். சுவர் முடிந்த அன்று அவனுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது நாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்கு வந்தான். குளியலறைத் தரையில் சட்டையோடு உட்கார்ந்துகொண்டான். அக்கா குவளை குவளையாகத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். உதடு வெடித்திருந்தது. பிடரியில் கொப்புளம்.

"எத்தனைடா இருக்கு உள்ள?"

"அம்பத்தெட்டுக்கா. முன்னெல்லாம் நாப்பத்தஞ்சுதான். காத்து வேற அடிக்கும். இப்ப அசைய மாட்டேங்குது."

"கதவத் திறந்து வெச்சுக்கிட்டுப் படிச்சா என்னவாம்?"

"திறந்தா சூடு வெளிய போயிடுமாம். நான் நுழைஞ்சதும் பூட்டிருவாங்க. இருபத்துநாலும் படிச்சுட்டுத் திரும்பி வந்து தட்டணும். காவலாளி நோட்டுல எழுதிட்டுத் திறப்பாரு."

"எழுதிட்டா?"

"எழுதிட்டுத்தான்."

அக்கா குவளையை வைத்தாள். வாசல் பக்கம் திரும்பிப் பேசினாள். "ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுக்கறாரு. என் தம்பிக்கு மட்டும் அடுப்பு கட்டிக் குடுத்திருக்காரு."

கொத்தனார் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்.

செயல்திறன் அதிகாரி ஓர் அம்மாள். அறையில் குளிர்சாதனம் ஓடியது. சுவரில் ஒட்டிய வெப்ப வரைபடத்தில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போய்த் தாளைத் தாண்டிச் சுவர்ப்பூச்சில் முடிந்திருந்தது.

"உக்காருங்க கொத்தனாரே. உங்க சுவரால எங்க பிரிவுக்கு எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா? வெப்பம் நாப்பத்தெட்டு வரணும்னு இலக்கு. இன்னைக்கு அறுபத்தொண்ணு. நூத்து இருபத்தேழு சதவீதம்!"

"காத்தாடி சுத்தலையேம்மா."

"அது உற்பத்திப் பிரிவு."

"அப்ப அவங்ககிட்டப் போய்ச் சொல்லட்டுமா?"

"உற்பத்தி இருந்தாத்தானே உற்பத்திப் பிரிவு? போன வாரம் அவங்களையும் எங்களோட சேர்த்துட்டாங்க. இப்ப எல்லாரும் வெப்பம்தான் பாக்கறாங்க."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். மெதுவாக, தனக்கே சொல்வது போலச் சொன்னார். "சூடு ஏறுறதே காத்து போகாததாலதாம்மா. சட்டியை மூடி வெச்ச மாதிரி. சுவர் அடியில சுத்திலும் கொஞ்சம் வழி விட்டா காத்தாடி சுத்தும். என் மச்சினனும் பொழைச்சுக்குவான்."

அம்மாள் அவரைக் கனிவோடு பார்த்தார். "சூட்டைக் குறைக்கறதுக்கு யோசனை சொல்றீங்க. செயல்திறன் அதிகாரிகிட்ட வந்து."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொத்தனார் எழுதிக் கொடுத்தார். ஒரு குழு அமைக்கப்பட்டது.

காற்றாடி அமைதியடைந்தது குறித்த ஆய்வுக் குழு என்பது அதன் பெயர். ஐந்து பேர். முதல் அமர்வில் காற்றாடிக்கு எண்ணெய் போட முடிவு செய்தார்கள். போட்டார்கள். இரண்டாவது அமர்வில், கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு இழுப்பு என்று ஒரு பேராசிரியர் வந்து விளக்கினார். அது உண்மைதான். ஆகவே கோபுரத்தை இன்னும் இருபது மீட்டர் உயர்த்தப் பரிந்துரைத்தார்கள். மூன்றாவது அமர்வுக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அப்போது உள்ளே அறுபத்துநான்கு.

நீண்ட மேசைமேல் நிலையத்தின் வரைபடத்தை விரித்திருந்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காத்து நுழையற இடம்னு சொல்றீங்களே, படத்துல எங்க இருக்கு? காட்டுங்க."

கொத்தனார் வட்டத்தின் விளிம்பில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணுமே வரையலையே."

"ஒண்ணும் இல்லாம இருந்தாத்தாங்க காத்து நுழையும்."

ஐந்து பேரும் விரலைப் பார்த்தார்கள். தூண்களுக்கு ஒரு பிரிவு இருந்தது. கண்ணாடிக்கு ஒரு பிரிவு. கோபுரத்துக்கு இரண்டு, மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும். வெறும் இடத்துக்குப் பொறுப்பான பிரிவு எதுவும் இல்லை.

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணுமே இல்லாத ஒன்றை நிறுவனம் அடைச்சுட்டதுன்னு சொல்றது, சட்டப்படி நிக்காது."

"கொத்தனாரே, நேரடியாக் கேக்கறேன்" என்றார் தலைவர். "சுவர்ல குறை இருக்கா, இல்லையா?"

கொத்தனார் யோசித்தார். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நான்கு கலவை. நூல் பிடித்த வரிசை. பதினைந்து நாள் தண்ணீர் விட்டிருந்தார்.

"சுவர்ல குறை இல்லைங்க. சுவர்தாங்க குறை."

குறிப்பேட்டில் எழுதினார்கள்: சுவரில் குறை இல்லை என்பதைக் கொத்தனாரே ஒப்புக்கொண்டார்.

இருந்தாலும் மனு என்று ஒன்று வந்துவிட்டதால் அதன்மேல் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சோதனை முறையில் ஒரே ஒரு துளை போடலாம் என்று முடிவாயிற்று. அதற்குப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அவர் நிபந்தனைகளை வாய்மொழியாகச் சொன்னார்.

"துளைக்கு வலை போடணும். வலைக்குப் பின்னால கதவு. கதவுக்கு மூணு ஷிப்டு காவல். கதவு எப்பவும் மூடியிருக்கணும்."

"மூடியிருந்தா காத்து எப்படிங்க வரும்?"

"வேணும்கிறப்ப எழுதிக் குடுத்துத் திறந்துக்கறது."

"காத்துங்களா?"

"யாரா இருந்தாலும்."

அத்தனை காவலர்கள் இல்லை. எனவே காவல் ஏற்கெனவே உள்ள ஒரு சுவரில் துளை போட உத்தரவு வந்தது. அப்படிப்பட்ட சுவர் ஒன்றுதான் இருந்தது. அது இயக்குநர் அறையின் மேற்குச் சுவர்.

கொத்தனார் உத்தரவை இரண்டு முறை படித்தார். உளியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு முழ அகலத்துக்கு ஒரு முழ உயரம், ஒழுங்காக வெட்டி, ஓரத்துக்குப் பூச்சும் பூசினார். மாலைக் காற்று உள்ளே வந்தது. மேசைமேல் தாள்கள் படபடத்தன. இயக்குநர் நாற்காலியைத் துளைக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"ஆஹா. கொத்தனாரே, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. துளை போட்டா காத்து வருது."

"அந்தச் சுவர்லயும் இப்படித்தாங்க வரும். அங்கதாங்க வரணும்."

"வரும்யா, வரும். தத்துவம் நிரூபணம் ஆயிடுச்சு இல்ல? இனி அவசரமே இல்லை."

கோப்பில் எழுதப்பட்டது: சோதனை வெற்றி. காற்றுக்கான தேவை நிறைவேற்றப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது. கொத்தனாருக்கு ஒரு பாராட்டுத் தாளும் கிடைத்தது. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டில் காட்டவில்லை. வரும் வழியில் கோபமாவது வருமா என்று பார்த்தார். வரவில்லை. அன்றைக்கு உள்ளே அறுபத்தாறு.

பிறகு வெப்பச் சாதனை நாள் அறிவிக்கப்பட்டது.

எழுபது டிகிரி. மனிதன் கட்டிய கூரைக்கு அடியில், பதினைந்து நிமிடம், இறங்காமல். பார்த்துச் சான்று தர வெளியூரிலிருந்து ஒரு குழு வரும். கருவிகள் ஐம்பதுக்கு மேல் படிக்காது என்பதால் ஆள் உள்ளே நின்று படிக்க வேண்டும். வாக்கி டாக்கியில் சொன்னால் வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும். கதவுக்கு அரக்கு முத்திரை. பதினைந்து நிமிடம் முடியுமுன் முத்திரை உடைந்தால் சாதனை செல்லாது. கதவருகே சூடு கசியும் என்று, எல்லாவற்றுக்கும் தூரமான வெப்பமானியைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்துநான்காம் எண். எதிர்ச் சுவரை ஒட்டி இருப்பது. மச்சினனுக்கு அன்று இருநூற்று முப்பத்துமூன்றாவது நாள்.

காலையில் கொத்தனார் அவனைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தார்.

"இன்னைக்கு ஒருநாள் லீவு போட்டுடு மாப்ளே."

"போட்டா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும் மாமா."

"ஆரம்பிப்போம்."

"யாரு, நீங்களா?" மச்சினன் சிரித்தான். வெடித்த உதட்டில் ரத்தம் பூத்தது. "இன்னும் ஏழு நாள் மாமா. ஏழு நாள்ல என்ன ஆயிடும்? தண்ணி ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன். அக்காகிட்டச் சொல்லிடாதீங்க."

பேருந்து வந்தது. ஏறிப்போனான்.

நடுப்பகலில் கதவுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தது. நான்கு பெரிய மின்விசிறிகள். அவற்றுக்கான மின்சாரம் ஊரிலிருந்து வந்தது. மச்சினன் ஈரத்துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். பாதுகாப்பு அதிகாரி அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். கொத்தனார் பந்தலின் கடைசித் தூணை ஒட்டி நின்றார். பணிக்குப் போகும்போது எடுத்துப்போகும் பை தோளில் இருந்தது. ஏன் எடுத்துவந்தார் என்று அவருக்கே தெரியாது.

இயக்குநர் பேசினார்.

"எத்தனையோ பேர் வெப்பத்தைச் சேக்கறாங்க. சேர்த்து என்ன பண்றாங்க? காத்தா மாத்தறாங்க. காத்தை மின்சாரமா மாத்தறாங்க. அதை ஊருக்கு அனுப்பி ஒண்ணுமில்லாம ஆக்கிடறாங்க. நாம அப்படி இல்லை. நாம சேர்த்த வெப்பத்துல ஒரு துளியைக்கூட மின்சாரத்துக்கு வீணடிக்கல."

கைதட்டினார்கள்.

"காத்தாடி ஏன் சுத்தலன்னு சிலர் கேக்கறாங்க. சுத்தற பொருள் தேயும். நம்ம காத்தாடி இன்னைக்கும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு."

மறுபடியும் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. மச்சினனின் குரல் பந்தல் முழுக்க நிறைந்தது.

"இருபத்துநாலாம் நம்பர். அறுபத்தொம்போது புள்ளி ஆறு."

செயல்திறன் அதிகாரி அம்மாள் இரண்டு கைகளையும் கோத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"எழுபது."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். வெளியூர்க் குழுவின் தலைவர் கடிகாரத்தை அழுத்தினார்.

"எழுபது புள்ளி ஒண்ணு" என்றது குரல். நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னது. எழுபது புள்ளி ஒன்று. எழுபது புள்ளி மூன்று. நான்காவது நிமிடத்தில் குரலுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடத்தில் "தண்ணி சுடுது" என்றது. வெளியூர்க்காரர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். ஆறாவது நிமிடத்தில் குரல், "இருநூத்து முப்பத்துமூணு" என்றது.

பந்தலில் சலசலப்பு.

"நாள் கணக்கைச் சொல்றான் சார்" என்றார் கொத்தனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் டிகிரி சொல்லல. நாளைச் சொல்றான்."

ஏழாவது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை.

இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். "கருவியே உருகியிருக்கலாம்" என்று வெளியூர்க்காரரிடம் பெருமையாகச் சொன்னார். "அவ்வளவு சூடு."

கொத்தனார் கதவிடம் போனார். பாதுகாப்பு அதிகாரி குறுக்கே நின்றார்.

"கதவத் திறங்க சார்."

"முத்திரை வெச்சிருக்கு."

"உள்ள ஆள் இருக்கான் சார்."

"ஆள் இருக்கறதாலதான்யா முத்திரை. இன்னும் எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம்."

திறந்தாலும் கதவிலிருந்து இருபத்துநான்காம் எண் இருநூற்று நாற்பது மீட்டர். கொத்தனார் சுவரை ஒட்டி நடந்தார். பிறகு ஓடினார். வட்டமான சுவர் முடியவே இல்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் கட்டியதுதான். இருபத்துநான்காம் எண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நின்றார். கண்ணாடியை உடைக்கலாம். உடைந்தால் அடியில் கிடப்பவன்மேல் விழும். பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு தரையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சுவர் அசைந்து கொடுக்கவில்லை. ஒன்றுக்கு நான்கு. தண்ணீர் விட்டதில் குறை வைத்திருக்கவில்லை. பத்து அடிக்கு ஒரு நகம் அளவு பெயர்ந்தது. வேறு யாராவது கட்டியிருக்கலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பும் நிற்கவில்லை. அடித்தார். உளி நழுவி இடது கட்டைவிரலில் இறங்கியது. வலி எங்கோ வேறு யாருக்கோ போல இருந்தது.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணே, நிறுத்துங்கண்ணே. சார் பாத்தாருன்னா என் வேலை போயிடும். இன்னும் நாலு நிமிஷம்தான். நாலு நிமிஷம் கழிச்சு நானே வந்து கூட இடிக்கறேன்."

கொத்தனார் அடித்துக்கொண்டே இருந்தார். காவலாளி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவர் தோளைத் தொடப் போனவன் தொடவில்லை. பந்தல் இருந்த திசையில் ஒருமுறை பார்த்துவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

செங்கல் பிளந்தது. பாதி வெளியே வந்தது. மீதியை உளியால் உள்ளே தள்ளினார். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. முதலில் சூடு முகத்தில் அடித்தது, உலைவாயைப் போல. அது ஒரு நொடிதான். பிறகு சுற்றியிருந்த செங்கல் தூள் தரையிலிருந்து எழுந்து, கோடாக நீண்டு, துளைக்குள் போனது. அவர் தலைத்துண்டின் நுனி துளையை நோக்கி ஆடியது. துளை சன்னமாக விசிலடித்தது.

தூரத்தில், பந்தலில், பெரிய கைதட்டல் எழுந்தது. நேரம் முடிந்ததா, வேறு எதற்கோவா என்று தெரியவில்லை.

கொத்தனார் தரையில் படுத்தார். துளைக்குள் கண்ணை வைத்தார். கண்ணாடியின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வாயை வைத்தார்.

"மாப்ளே, காத்து வருதா?"